ஸ்காண்டிநேவியச் செய்திகளில் ஆணும் பெண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளின் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பெண்களை எப்படிக் காட்டுகின்றன என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. இதழியல் மாணவர்கள் கேட்பார்கள், அந்த நாடுகளுக்குக் குடிபோன நண்பர்கள் கேட்பார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை விரித்துச் சொன்னால்தான் புரியும்.

ஸ்காண்டிநேவியா என்றால் சரியாக எந்த நாடுகள்?

சுவீடன், நார்வே, டென்மார்க். பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்துக்கொண்டால் நார்டிக் நாடுகள் என்பார்கள். மூன்று நாட்டு மொழிகளும் அக்கா தங்கை மாதிரி. நார்வேக்காரர் சுவீடன் பத்திரிகையை அகராதி இல்லாமலே படித்துவிடுவார். அதனால் ஒரு நாட்டில் கிளம்பிய விவாதம் அடுத்த நாட்டுக்குப் போக நாளாகாது. இருந்தாலும் மூன்றையும் ஒரே நாடுபோல நினைத்துவிடக் கூடாது. மீ டூ காலத்தில் மூன்றும் எப்படி நடந்துகொண்டன என்று கீழே சொல்லியிருக்கிறேன், அதில் வித்தியாசம் தெரியும்.

சமத்துவத்தில் முன்னால் நிற்கும் நாடுகள் ஆயிற்றே, செய்தியிலும் ஆண் பாதி பெண் பாதி இருப்பார்கள்தானே?

இல்லை. இதை அளக்க ஒரு வழி உண்டு. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று 1995 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஒரு நாளைக் குறிப்பார்கள். அன்றைக்கு உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் தங்கள் நாட்டுப் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளை வரிவரியாகப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். செய்தியில் வருபவர் ஆணா பெண்ணா, எதற்காக வருகிறார், நிபுணராகவா, பேச்சாளராகவா, கண்ணால் பார்த்த சாட்சியாகவா, பாதிக்கப்பட்டவராகவா, அவர் யாருடைய மனைவி, யாருடைய அம்மா என்று எழுதியிருக்கிறார்களா, எல்லாம் கணக்கில் வரும். 1995 ஜனவரி 18 அன்று 71 நாடுகளில் எண்ணியபோது செய்தியில் வந்தவர்களில் 17 சதவீதம்தான் பெண்கள். 2020 செப்டம்பர் 29 அன்று 116 நாடுகளில் எண்ணியபோது 25 சதவீதம். கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளி ஏறியிருக்கிறது.

ஸ்காண்டிநேவிய நாடுகள் பொதுவாக இந்த உலகச் சராசரிக்கு மேலேதான் இருக்கின்றன, சுவீடன் அவற்றில் முன்னால். ஆனால் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு என்பதையே நல்ல நிலை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றத்தில் பாதிக்கு அருகில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் நாட்டில், செய்தியைத் திறந்தால் மூன்று பேரில் இருவர் ஆண்கள். நான் இந்த விஷயத்தை விடாமல் பின்தொடர்வதற்குக் காரணமே இந்த இடைவெளிதான்.

இடைவெளி ஏன்? செய்தி அறையில் பெண்கள் குறைவா?

குறைவு என்று சொல்ல முடியாது. சுவீடனிலும் நார்வேயிலும் பத்திரிகையாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். தலைமையிலும் வந்துவிட்டார்கள். 2015 வாக்கில் சுவீடனின் பொதுத் தொலைக்காட்சிக்கு ஹன்னா ஷேர்னெ, பொது வானொலிக்கு சில்லா பென்கோ, டென்மார்க்கின் பொது ஒலிபரப்பு நிறுவனமான டி.ஆருக்கு மரியா ரோர்பி ரொன் என்று மூன்று பெண்கள் தலைவர்களாக இருந்தார்கள். நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.க்கு மட்டும் 2022இல்தான் விபெக்கே ஃப்யூர்ஸ்ட் ஹாகன் வந்தார்.

ஆக, சிக்கல் எழுதுபவரிடம் மட்டும் இல்லை. யாரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள் என்பதில் பெரும்பகுதி இருக்கிறது. வணிகப் பக்கத்தைப் பாருங்கள். நார்வே 2003இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஆண் பெண் இருபாலருக்கும் குறைந்தது 40 சதவீத இடம் வேண்டும் என்றது. உலகமே பாராட்டிய சட்டம். ஆனால் நிறுவனத்துக்கு லாபமா நஷ்டமா என்று நிருபர் போன் போட்டுக் கேட்பது இயக்குநர் குழு உறுப்பினரிடம் இல்லை, தலைமைச் செயல் அதிகாரியிடம். அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் ஆண்கள். சட்டம் மாற்றிய இடம் ஒன்று, கேமரா போகும் இடம் வேறொன்று.

இன்னொன்று, அவசரம். மாலை நான்கு மணிக்கு ஒரு பொருளாதார நிபுணர் வேண்டும் என்றால், போன வாரம் பேசியவரையே மறுபடியும் கூப்பிடுவார்கள். அவர் எண் கைவசம் இருக்கிறது, கேமரா முன் தடுமாற மாட்டார். இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் டென்மார்க்கில் குவின்ஃபோ என்ற அமைப்பு பெண் நிபுணர்களின் பட்டியலைத் திரட்டி வைத்தது. சுவீடனில் 2010இல் லினா தோம்ஸ்கோர்ட் தொடங்கிய ரெட்விசெஃபோர்மெட்லிங்கன் என்ற அமைப்பு இதையே பேஸ்புக்கில் செய்தது. "அணுக்கழிவைப் பற்றிப் பேச ஒரு பெண் வேண்டும், யார் இருக்கிறார்கள்?" என்பது மாதிரிக் கேள்வி போடுவார்கள், படிப்பவர்கள் பெயர் சொல்வார்கள். "தேடினோம், கிடைக்கவில்லை" என்று சொல்லித் தப்பிக்கும் வழி அதோடு அடைபட்டது.

அப்படியானால் எண்ணிக்கையைச் சரிசெய்துவிட்டால் போதுமா?

போதாது. நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2019 பிப்ரவரி, நார்வே. தொழிலாளர் கட்சியின் முன்னாள் துணைத் தலைவர் ட்ரோண்ட் கிஸ்கெ, பெண்களிடம் தகாத முறையில் நடந்ததாகப் புகார்கள் வந்து, ஓராண்டுக்கு முன் பதவியை விட்டு விலகியிருந்தார். அவர் மறுபடி கட்சிப் பொறுப்புக்கு வரப்போகிறார் என்று பேச்சு அடிபட்ட நேரம். ஓஸ்லோவில் ஒரு மதுக்கூடத்தில் அவர் ஓர் இளம்பெண்ணோடு நடனமாடும் வீடியோ பரவியது. நாட்டின் பெரிய பத்திரிகைகளில் ஒன்றான வி.ஜி. அதைச் செய்தியாக்கியது. அந்தப் பெண் சொன்னதாகச் சில வரிகளையும் போட்டது. படித்தவர்களுக்கு, அந்த இரவு அவருக்குச் சங்கடமாக இருந்தது என்ற எண்ணம்தான் வந்திருக்கும். செய்தி பற்றிக்கொண்டது. கிஸ்கெ ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணே டி.வி. 2 தொலைக்காட்சியில் வந்து பேசினார். தன் பேரில் வந்த வார்த்தைகள் தன்னுடையவை இல்லை என்றார். நடனத்தில் தனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பத்திரிகை தன்னிடம் நடந்துகொண்ட விதம்தான் நெருக்கடியாக இருந்தது என்றார். வி.ஜி.யின் ஆசிரியர் கார்ட் ஸ்டைரோ தவறை ஒப்புக்கொண்டார். நார்வேயின் பத்திரிகை நெறிக் குழுவும் வி.ஜி. நெறியை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது.

இப்போது எண்ணிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அந்தச் செய்தியில் ஒரு பெண் இருக்கிறார். மேற்கோளும் இருக்கிறது. கண்காணிப்புப் படிவத்தில் 'பெண், பேசுகிறார்' என்று ஒரு குறி விழும். ஆனால் பேசியது அவர் இல்லையே. கிஸ்கெ செய்தது சரியா தவறா என்பது தனிக் கேள்வி, அதற்குள் நான் போகவில்லை. பெண்களுக்காக எழுதுகிறோம் என்று நம்பிய ஒரு செய்தி அறை, எதிரில் இருந்த பெண் என்ன சொல்கிறார் என்று கேட்கத் தவறியது. 'பாதிக்கப்பட்ட இளம்பெண்' என்ற அச்சு முன்பே தயாராக இருந்தது. அவரை அதில் ஊற்றிவிட்டார்கள்.

நார்வேயில் 'சிதாட்ஷெக்' என்று ஒரு வழக்கம் உண்டு. பேட்டி கொடுத்தவர் தன் மேற்கோளை அச்சுக்கு முன் பார்த்துச் சரிசொல்வது. நல்ல வழக்கம்தான். ஆனால் நாட்டின் பெரிய பத்திரிகை ஒரு பக்கம், ஊர் பேர் தெரியாத ஓர் இளம்பெண் மறுபக்கம் என்று இருக்கும்போது, 'சரி' என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று நார்வே அப்போது யோசிக்க வேண்டி வந்தது.

மீ டூ காலத்தில் மூன்று நாடுகளும் ஒரே மாதிரி நடந்துகொண்டனவா?

இல்லை. சுவீடனில் 2017 இலையுதிர் காலத்தில் அலை பெரிதாக எழுந்தது. நடிகைகள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள் என்று தொழில்வாரியாகக் கையெழுத்திட்டார்கள். பத்திரிகையாளர்களும் வந்தார்கள். 'டெட்லைன்' என்ற பெயரில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண் பத்திரிகையாளர்கள் தங்கள் செய்தி அறைகளில் நடந்ததைச் சொன்னார்கள். சின்ன நாட்டில் அது பெரிய எண்ணிக்கை.

அந்த நவம்பரில் டாகென்ஸ் நீஹெட்டர் பத்திரிகையில் மாடில்டா குஸ்தாவ்சன் எழுதிய கட்டுரை வந்தது. இலக்கிய நோபல் பரிசை வழங்கும் சுவீடிஷ் அகாதமியோடு நெருக்கமாக இருந்த ஒருவர் மேல் 18 பெண்கள் குற்றம் சொன்னார்கள். பெயர் போடாமல் 'கல்தூர்ப்ரொஃபீலன்', அதாவது கலாசாரப் பிரமுகர் என்றே சுவீடன் பத்திரிகைகள் நெடுநாள் எழுதின. குற்றம் நிரூபணமாகும் முன் பெயரை வெளியிடத் தயங்குவது அங்கே பழைய மரபு. பெண்களில் சிலர் தங்கள் பெயரோடும் முகத்தோடும் முன்வந்தார்கள், அவருக்கு மட்டும் திரை. இதில் நியாயம் எது என்று இன்றுவரை இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். 2018இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அந்த ஆண்டு இலக்கிய நோபல் பரிசே தள்ளிப்போனது.

டென்மார்க்கில் 2017இல் அலை வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்டில், நகைச்சுவை விருது விழா ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்த சோஃபி லின்டெ மேடையிலேயே பேச்சை நிறுத்தி, தான் 18 வயதில் தொலைக்காட்சித் துறைக்கு வந்தபோது ஒரு பெரிய நட்சத்திரம் தன்னிடம் பாலியல் ரீதியாகக் கேட்டு, இணங்காவிட்டால் உன் எதிர்காலத்தைக் கெடுப்பேன் என்று மிரட்டியதைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. முதல் சில நாள் விவாதம் அவர் மேலேயே திரும்பியது. ஏன் இப்போது, ஏன் பெயர் சொல்லவில்லை, ஏன் அந்த மேடையில் என்று கேட்டார்கள். அப்புறம் டென்மார்க் ஊடகத் துறையைச் சேர்ந்த 1,615 பெண்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு, எங்களுக்கும் இதெல்லாம் தெரியும் என்றார்கள். விவாதம் அதற்கப்புறம்தான் அவரை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு கட்சித் தலைவரும் கோபன்ஹேகன் மேயரும் பதவி விலகினார்கள்.

மீ டூ செய்திகளில் ஊடகங்கள் அத்துமீறவில்லையா?

சில இடங்களில் மீறின, மறைக்க வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோமின் பெரிய கலையரங்கம் ஒன்றின் தலைவரைப் பற்றிய குற்றச்சாட்டுகளை ஆஃப்டோன்ப்ளாடெட் பத்திரிகை 2017 டிசம்பரில் தொடர்ந்து எழுதியது. அவர் பதவி விலகினார், அடுத்த மார்ச்சில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்திரிகைகளின் நெறி மன்றம் பின்னர் ஆஃப்டோன்ப்ளாடெட்டைக் கடுமையாகக் கண்டித்தது. இதைக் காட்டி மீ டூ முழுவதையும் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆதாரத்தைச் சரிபார்த்து எழுதிய கட்டுரைகள் நீதிமன்றத்திலும் நின்றன. சரிபார்க்காமல் அவசரப்பட்டவை, சொல்ல முன்வந்த பெண்களுக்கும் கெடுதல்தான் செய்தன.

பெண் தலைவர்களின் உடையைப் பற்றி எழுதுவது அங்கேயும் உண்டா?

உண்டு. ஹெல்லெ தோர்னிங்-ஷ்மிட் டென்மார்க்கின் முதல் பெண் பிரதமர், 2011 முதல் 2015 வரை இருந்தார். அதற்கு வெகுமுன்பே அவருக்கு 'கூச்சி ஹெல்லெ' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கூச்சி என்ற ஆடம்பர நிறுவனத்தின் விலை உயர்ந்த கைப்பை வைத்திருந்த சமூக ஜனநாயகவாதி என்று பொருள். நார்வேயின் முன்னாள் பிரதமர் எர்னா சூல்பர்க்குக்கு 'இரும்பு எர்னா'. உறுதியான பெண்ணுக்கு இரும்பைத் தவிர வேறு உவமை கிடைக்காதோ என்று எனக்குத் தோன்றும். முதல் பெயரால் எழுதுவதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. பெண் பிரதமர்களை க்ரோ, மெட்டெ என்று எழுதுவதுபோலவே, ஆண் பிரதமராக இருந்த ஸ்டோல்டன்பர்க்கை நார்வேக்காரர்கள் யென்ஸ் என்றும் எழுதுவார்கள். அந்தச் சமூகத்தின் இயல்பு அது.

உடை விஷயத்தில் எனக்கு மறக்காதது சாரா டானியுஸின் கதை. சுவீடிஷ் அகாதமியின் முதல் பெண் நிரந்தரச் செயலர். நோபல் விருந்துகளுக்கு அவர் அணிந்து வந்த உடைகள் பத்திரிகைகளுக்கு எப்போதுமே தீனி. கழுத்தில் துணியைப் பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப்போடும் மேல்சட்டை அவருடைய அடையாளம், சுவீடிஷ் மொழியில் 'க்னீத்ப்ளூஸ்'. மேலே சொன்ன விவகாரத்தில் அகாதமி பிளவுபட்டு, 2018 ஏப்ரலில் அவர் பொறுப்பை விட்டு வெளியேறும்படி ஆனது. ஒருவர் செய்த குற்றத்துக்கு அதை விசாரிக்க முயன்ற பெண் வெளியேற வேண்டியிருக்கிறதே என்று பலருக்குக் கோபம். சில நாட்களில் பெண்களும், ஆண்களிலும் கணிசமானவர்களும், அதே மாதிரி கழுத்தில் முடிச்சுப்போட்ட சட்டையோடு படம் போட்டார்கள். அகாதமிக் கட்டடத்தின் முன்னால் அதே உடையில் கூடினார்கள். அதுவரை ஃபேஷன் பக்கத்தில் கிடந்த ஒரு சட்டை முதல் பக்கத்துக்கு வந்தது. வர்ணிக்கத் தெரிந்த அதே பத்திரிகைகள் அந்த வாரம் அந்த முடிச்சுக்கு அர்த்தம் எழுதின. டானியுஸ் அடுத்த ஆண்டே புற்றுநோயில் காலமானார்.

'ஹென்' என்றால் என்ன?

சுவீடிஷ் மொழியில் 'ஹான்' என்றால் அவன், 'ஹூன்' என்றால் அவள். பால் சுட்டாத மூன்றாவது சொல்தான் 'ஹென்'. 1966இலேயே உப்சாலா நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ரோல்ஃப் டுனோஸ் என்பவர் இதை முன்மொழிந்தார், அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. 2012இல் ஒரு குழந்தைகள் புத்தகம் முழுக்க இந்தச் சொல்லில் வந்ததும் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. டாகென்ஸ் நீஹெட்டரின் அப்போதைய முதன்மை ஆசிரியர் குனில்லா ஹெர்லிட்ஸ், ஒரு பெண், செய்திகளில் அந்தச் சொல் வேண்டாம் என்றார். ஒரு பக்கம் சாயும் அரசியல் சொல்லாக அது தெரிகிறது என்பது அவர் தரப்பு வாதம். 2015இல் சுவீடிஷ் அகாதமியின் சொற்பட்டியலில் ஹென் ஏறியது. நார்வேயின் அகராதியில் 2022இல். இன்று சுவீடன் செய்தியில் 'சந்தேக நபர்', 'ஓட்டுநர்' என்று பால் தெரியாத இடங்களில் ஹென் வந்தால் பெரும்பாலோர் நின்று கவனிப்பதில்லை.

தமிழருக்கு இதைப் புரியவைப்பது எளிது. நம்மிடம் 'அவர்' இருக்கிறது. 'மருத்துவர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா தெரியாது, மரியாதையும் குறையாது. அவர்களுக்கு அந்த வசதி இல்லாமல் போனதால் புதிதாக ஒரு சொல்லை உண்டாக்கி, ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டி வந்தது.

தொழில் பெயர்களில் சிக்கல் உண்டா?

நிறைய. பேச்சாளரைக் குறிக்கும் 'தாலெஸ்மன்' என்ற சுவீடிஷ் சொல்லில் 'ஆண்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல செய்தி அறைகள் 'தாலெஸ்பெர்ஷூன்', பேசும் நபர், என்று மாறிவிட்டன. நர்ஸ் விஷயத்தில் நார்வேயும் சுவீடனும் இரண்டு வழியில் போயின. நார்வே பெண்ணைக் குறித்த பழைய சொல்லை விட்டுவிட்டு, நோயாளியைப் பராமரிப்பவர் என்று பொருள்படும் பொதுச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. சுவீடன் பெண்பால் விகுதி கொண்ட 'ஷூக்ஷோத்தெர்ஸ்கா'வையே வைத்துக்கொண்டது. தாடி வைத்த ஆண் நர்ஸுக்கும் அதே பெயர்தான், அவர்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கால்பந்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். சுவீடனின் ஆண்கள் முதல்நிலை லீக் 'அல்ஸ்வென்ஸ்கான்'. பெண்களுடையது 'டாம் அல்ஸ்வென்ஸ்கான்'. டாம் என்றால் பெண். ஆண்களுடையதற்கு முன்னொட்டு எதுவும் இல்லை.

விளையாட்டுச் செய்திகளில் நிலைமை எப்படி?

நார்வேயில் பெண்கள் ஹேண்ட்பால் அணிக்குக் கிடைக்கும் இடத்தை வேறு நாடுகளில் பார்ப்பது அரிது. டிசம்பரில் போட்டி என்றால் நாடு முழுவதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடும். ஆனால் எல்லா விளையாட்டிலும் இப்படி இல்லை.

2013இல் சுவீடன் கால்பந்துச் சங்கம், நாட்டுக்காக அதிகப் போட்டி ஆடியதற்காக ஆண்டர்ஸ் ஸ்வென்சனுக்கு ஒரு கார் பரிசளித்தது. பெண்கள் அணியில் தெரேஸ் ஷோக்ரான் அவரைவிட எவ்வளவோ அதிகப் போட்டி ஆடியிருந்தார். அவருக்குக் கார் இல்லை. செய்திகள் முதலில் 'சாதனையாளர்' என்று ஸ்வென்சனை மட்டும் எழுதின. யாருடைய சாதனை என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கியதும் கதை மாறியது. ஒரு சாதனைப் பட்டியலை எடுத்தால் முழுப் பட்டியலையும் பார்க்க வேண்டும் என்பது செய்தி அறைகளுக்கு அன்று உறைத்தது.

2018இல், உலகின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்குத் தரும் பலோன் டோர் விருதைப் பெண்களுக்கு முதல்முறை கொடுத்தபோது, அதை நார்வேயின் அடா ஹேகர்பர்க் வாங்கினார். பாரிஸ் மேடையில் தொகுப்பாளர் அவரிடம், இடுப்பைக் கவர்ச்சியாகக் குலுக்கும் 'ட்வெர்க்' நடனம் ஆடத் தெரியுமா என்று கேட்டார். உலகச் செய்திகள் அந்தக் கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்தன. சிறுமிகளைப் பார்த்து, உங்களை நீங்கள் நம்புங்கள் என்று அவர் மேடையில் சொன்னது அடியில் போய்விட்டது.

2021இல் நார்வேயின் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி, விதிப்படி பிகினி போடாமல் அரைக்கால்சட்டை போட்டதற்காக 1,500 யூரோ அபராதத்துக்கு ஆளானது. இந்தச் செய்தியில் ஒரு சங்கடம் உண்டு. பிகினி வேண்டாம் என்ற செய்திக்குப் பல நாட்டுத் தளங்கள் பிகினிப் படத்தையே போட்டன. சில மாதங்களில் விதி மாறியது.

வன்முறைச் செய்திகளில் பெண்கள் எப்படி வருகிறார்கள்?

2017 ஆகஸ்டில் சுவீடன் பத்திரிகையாளர் கிம் வால், பேட்டி எடுக்கக் கோபன்ஹேகனில் ஒருவர் சொந்தமாகக் கட்டிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார், திரும்பவில்லை. கப்பலின் சொந்தக்காரர் கொலைக் குற்றத்துக்காக 2018இல் ஆயுள் தண்டனை பெற்றார். ஆரம்ப நாட்களில் செய்திகளின் கண் அந்த ஆள் மேலேயே இருந்தது. அவர் கட்டிய ராக்கெட், அவர் கப்பல், அவர் வினோத குணம். கிம் வால் பல கண்டங்கள் சுற்றி எழுதிய அனுபவமுள்ள நிருபர் என்பதை, தாங்களும் பத்திரிகையாளர்களான அவருடைய பெற்றோரும் நண்பர்களும் திரும்பத் திரும்ப நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அவர் பெயரில் அவர்கள் தொடங்கிய நிதி இன்று இளம் பெண் நிருபர்களைக் களத்துக்கு அனுப்புகிறது.

குடிபெயர்ந்த பெண்களைப் பற்றிய செய்திகள்?

2002 ஜனவரியில் உப்சாலாவில், குர்து குடும்பத்தில் பிறந்த ஃபதிமே ஷாஹிந்தால் தன் தந்தையாலேயே கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவர் சுவீடன் நாடாளுமன்றத்தில் இந்த ஆபத்தைப் பற்றிப் பேசியிருந்தார். அந்த மரணம் ஆணவக் கொலையைப் பற்றி நாட்டைப் பேசவைத்தது, அது தேவையாகவும் இருந்தது. கூடவே ஒரு வார்ப்பும் இறுகியது. குடிபெயர்ந்த பெண் என்றால் ஒடுக்கப்பட்டவர், மீட்கப்பட வேண்டியவர். வரி விதிப்பைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ அவரிடம் கருத்துக் கேட்பது அரிது.

இந்த வார்ப்பு மெல்ல உடைகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தையாக நார்வே போன கம்ஷாஜினி குணரத்தினம் 2015இல் ஓஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2011இல் நார்வேயில் இளைஞர் முகாம் ஒன்றில் நடந்த உத்தோயா தீவுப் படுகொலையில் நீந்தித் தப்பியவர் அவர். செய்திகளில் நகர நிர்வாகத்தைப் பற்றிப் பேசுபவராக அவர் வந்தபோது, நார்வேத் தமிழ்க் குடும்பங்களின் பெண் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள்.

பெண் நிருபர்களுக்கு மிரட்டல் வருகிறதா?

வருகிறது. 2013 பிப்ரவரியில் சுவீடன் பொதுத் தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்றில், அறியப்பட்ட பெண் பத்திரிகையாளர்களும் எழுத்தாளர்களும் தங்களுக்கு வந்த வெறுப்புச் செய்திகளை கேமராவைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அலங்காரம் எதுவும் இல்லை, முகமும் வார்த்தையும் மட்டும். அதே நிகழ்ச்சியில் ஓர் இளம்பெண்ணின் கதையும் வந்தது. பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒரு பாடகரின் படம் போட்ட சட்டையை ஏன் விற்கிறீர்கள் என்று ஒரு துணிக்கடையின் பேஸ்புக் பக்கத்தில் கேட்டிருந்தார். அதற்கு ஆயிரக்கணக்கில் வசவும் மிரட்டலும் வந்து குவிந்தன. பிரபலங்களுக்குத்தான் இது நடக்கும் என்று நினைத்தவர்கள் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அப்படிப் பேசவில்லை.

ஆண்கள் எப்படிச் சித்தரிக்கப்படுகிறார்கள்?

சுவீடன் 1974இலேயே பிள்ளைப்பேற்று விடுப்பை அப்பாவுக்கும் கொடுத்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு 'லாத்தே பப்பா' என்று பெயரே இருக்கிறது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் ஸ்டாக்ஹோம் வந்தால் அந்தப் படம் எடுக்காமல் போகமாட்டார்கள். உள்நாட்டுச் செய்தியில் அது பழகிப்போன காட்சி. ஆனால் தனிமையில் இருக்கும் ஆண், படிப்பில் பின்தங்கும் பையன், துணையிடம் அடிவாங்கும் ஆண் ஆகியோர் செய்தியில் வருவது குறைவு. இந்தப் பக்கத்தில் நான் பெண்களைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இடைவெளி அங்கேதான் பெரிது.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?

செய்தியில் இத்தனை பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட முடியாது. சுவீடனின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1766இல் பிறந்தது, அரசு பத்திரிகையின் உள்ளே கைவைப்பதை அங்கே யாரும் விரும்பமாட்டார்கள். பதிலாக, பத்திரிகைகள் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டிருக்கின்றன. சம்பந்தமில்லாத இடத்தில் ஒருவருடைய பாலினத்தை எடுத்துக்காட்டாதே என்று சுவீடன் விதிகளில் இருக்கிறது. நார்வேயின் 'வேர் வர்ஷொம்' நெறிப் பலகை 1936 முதல் இருக்கிறது, 'கவனமாக இரு' என்று பொருள்.

முன்பு எப்படி இருந்தது?

சுவீடனில் நிரந்தர வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் பெண் பத்திரிகையாளர் வெண்டெலா ஹெப்பே. கணவர் கடனில் மூழ்கி நாட்டை விட்டு ஓடிவிட, மூன்று பெண் பிள்ளைகளோடு தனியாக நின்றவரை 1841இல் ஆஃப்டோன்ப்ளாடெட் சேர்த்துக்கொண்டது. ஏழைகளின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதினார். அப்புறம் பார்ப்ரோ ஆல்விங், 'பாங்' என்ற புனைபெயரில் எழுதியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக், அப்புறம் ஸ்பெயின் உள்நாட்டுப் போர், அப்புறம் ஹிரோஷிமா. தன் பத்திரிகை சுவீடனுக்கு அணுகுண்டு வேண்டும் என்று தலையங்கம் எழுதியதால் 1959இல் வேலையை விட்டார். பெண்களுக்குச் சமையல் பக்கம் என்று ஒதுக்கிய காலத்தில் போர்முனையிலிருந்து செய்தி அனுப்பியவர்.

டென்மார்க்கின் எக்ஸ்ட்ரா ப்ளாடெட் பத்திரிகையில் 1970களில் 'ஒன்பதாம் பக்கப் பெண்' தொடங்கியது. தினமும் ஒரு பெண்ணின் அரைநிர்வாணப் படம். பல பத்தாண்டுகள் ஓடியது. பெண் பிரதமர் வந்த பிறகும் அது நிற்கவில்லை.

ஊடகங்கள் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொள்கின்றனவா?

சில நேரம். நார்வேயில் வி.ஜி. அந்த நடனச் செய்தியில் தான் எங்கெங்கே தவறியது என்று உள்விசாரணை செய்து தன் வாசகர்களுக்கே வெளியிட்டது. டென்மார்க்கில் டி.வி. 2 தொலைக்காட்சி (நார்வேயின் டி.வி. 2 வேறு), 2022இல் பாலியல் சீண்டலைப் பற்றி ஓர் ஆவணப்படம் காட்டியது. படத்தில் பேசிய பெண்கள் பணிபுரிந்த இடம் டி.வி. 2. தங்கள் நிறுவனத்தின் திரையிலேயே, தங்கள் பெயரோடு, தங்கள் வார்த்தையில் பேசினார்கள்.